மூன்று வாரமாக இருமும் குழந்தை: எதைக் கவனிப்பது, எதை நிறுத்துவது

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். மகளுக்கு இரண்டே கால் வயது. இருமல் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் முதல் இரண்டு மூன்று நாளோடு போய்விட்டது. பகலில் ஓடியாடுகிறாள், படுத்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது, சில ராத்திரி சளியோடு பாலையும் வாந்தி எடுத்துவிடுகிறாள். முதுகில் கை வைத்தால் கர் கர் என்று அதிர்கிறது. இதுவரை மூன்று சிரப், ஒரு ஆன்டிபயாடிக். பக்கத்து வீட்டில் நெபுலைசர் வாங்கச் சொல்கிறார்கள், மாமியார் கற்பூரம் போட்ட எண்ணெயைத் தடவச் சொல்கிறார், உறவினர் ஒருவர் "பிரைமரி காம்ப்ளக்ஸா இருக்கும்" என்று காசநோயைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார். ப்ளே ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்ற கேள்வியும் இருக்கிறது.

குழந்தையைப் பார்க்காமல் நோய் இன்னதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வருஷக்கணக்காகக் குழந்தைகளையே பார்த்துவரும் டாக்டர் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இந்த வயதில் நீடிக்கும் இருமலில் நோய் செய்யும் கெடுதலைவிட, அதை நிறுத்தியே தீர வேண்டும் என்று நாம் கொடுப்பவை செய்யும் கெடுதல் பல வீடுகளில் அதிகம்.

முதலில் நாள் கணக்கு. சளி ஒரு வாரத்தில் சரியாகிவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். மூக்கு ஒழுகுவதும் காய்ச்சலும் ஏறக்குறைய அப்படிப் போய்விடும். இருமல் போகாது. வைரஸ் சளியோடு வரும் இருமலைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வுகளில், பத்தாம் நாளில் பாதிக் குழந்தைகளுக்குத்தான் இருமல் நின்றிருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு நிற்க 25 நாள் வரை ஆனது. மீதிப் பேர் வேறெந்த நோயும் இல்லாமலே அதற்கு மேலும் இருமினார்கள். அதனால்தான் குழந்தைகளுக்கு நான்கு வாரம் தாண்டிய பிறகே நாள்பட்ட இருமல் என்கிறோம். உங்கள் மகள் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை.

சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ப்ளே ஸ்கூலில் சேர்ந்த முதல் வருஷம் அதற்கும் மேல். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது தொற்றிக்கொள்ளும். "மூணு மாசமா இருமிக்கிட்டே இருக்கா" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடுவில் ஒரு நாலைந்து நாளாவது இருமலே இல்லாமல் இருந்தாளா என்பதுதான். இருந்தாள் என்றால் அது மூன்று தனித்தனிச் சளி. ஒரு நாள்கூட நிற்கவில்லை என்றால் பார்க்க வேண்டிய விதமே வேறு.

அடுத்து அந்தக் கர் கர் சத்தம். இரண்டு வயதுக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. மூக்கின் பின்பக்கத்திலும் தொண்டையிலும் சளி தேங்கி நிற்கும், அதன் வழியாகக் காற்று போய்வரும்போது எழும் அதிர்வு மெல்லிய மார்புக்கூட்டில் இறங்கி நம் கையில் படும். நெஞ்சு முழுக்கச் சளி கட்டியிருப்பதுபோலவே தோன்றும். இருமிய பிறகோ மூக்கைச் சுத்தம் செய்த பிறகோ சத்தம் மாறினால் அல்லது குறைந்தால், அது பெரும்பாலும் மேலே இருக்கும் சளிதான். படுத்தவுடன் இருமல் கூடுவதும் இதனால்தான்: மூக்கில் இருப்பது பின்பக்கமாகத் தொண்டையில் வடிகிறது. வாந்தியில் வருவது விழுங்கி வயிற்றில் சேர்ந்த சளி. நுரையீரலில் இருந்து வந்தது அல்ல, பயப்படவும் தேவையில்லை. இருமலோடு எப்போதாவது வரும் வாந்திக்கு மருந்து வேண்டாம். படுக்கைக்குப் போகும் நேரத்தில் வயிறு முட்டப் பால் கொடுப்பதைச் சற்று முன்னால் தள்ளினாலே போதும்.

சத்தம் நம்மைப் பயமுறுத்தும், ஆனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. எண்ண வேண்டியது மூச்சை. குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இது. எக்ஸ்ரே வசதி இல்லாத கிராமங்களில் நிமோனியாவைக் கண்டுபிடிப்பதே இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். காய்ச்சல் அடிக்கும்போது எண்ணிக்கை தானாகக் கூடும், இறங்கிய பின் மறுபடி எண்ணுங்கள்.

வேக மூச்சு இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடு நீலம் பாய்வது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, எழுப்பினால் எழாத மயக்கம் என இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கையில் கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், கொரோனா காலத்தில் வாங்கி வைத்த ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அது பெரியவர்கள் விரலுக்கானது, சின்ன விரலில் சரியாக உட்காராது. அது 98 காட்டுகிறது என்று மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சிரப்புகள். மூன்று பாட்டில்களின் லேபிளையும் படியுங்கள். குளோர்பெனிரமின், பெனைல்எப்ரின், டெக்ஸ்ட்ரோமெதார்பன், ஆம்ப்ராக்ஸால், டெர்பியூட்டலின், குவைபெனசின் ஆகியவற்றில் இரண்டு மூன்று கலந்திருக்கும், ஒரே மருந்து இரண்டு பாட்டிலிலும் இருக்கலாம். இவற்றில் எதுவும் இந்த வயதுக் குழந்தைக்கு இருமல் நாள்களைக் குறைக்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. குளோர்பெனிரமின் தூங்க வைக்கும். குழந்தை தூங்கிவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சளி, இருமல் மருந்துகளை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2008-லேயே சொல்லிவிட்டது. இங்கே 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பெனைல்எப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது.

அந்த வகைச் சிரப்தான் கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாராகி மத்தியப் பிரதேசத்துக்குப் போனது. 2025 செப்டம்பர், அக்டோபரில் சிந்துவாரா பக்கம் அதைக் குடித்த குழந்தைகளில் 20-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம்தான். எல்லாச் சிரப்பிலும் விஷம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயன் இல்லாத ஒன்றுக்காக எவ்வளவு சின்ன ஆபத்தை ஏற்பதும் நஷ்டக் கணக்குதான். அந்தச் சம்பவத்தை ஒட்டி மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியதும் இதுவே: இரண்டு வயதுக்குக் கீழே இருமல் மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை.

காய்ச்சலுக்கான பாரசிட்டமால் இதில் சேராது. அது வேண்டிய மருந்து, ஆனால் பாட்டிலில் எவ்வளவு என்று பாருங்கள். 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. சிசுக்களுக்கான சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். ஒரு முறைக்கு எடையில் கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. பாட்டில் மாறியும் பழைய அளவிலேயே ஊற்றுவதால்தான் பல வீடுகளில் தவறு நடக்கிறது.

ஆன்டிபயாடிக் பற்றி நீட்ட விரும்பவில்லை. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறுவது மட்டும் பாக்டீரியாவுக்கு அடையாளம் அல்ல, வைரஸ் சளியிலும் நாலைந்தாம் நாளில் நிறம் அப்படித்தான் மாறும். "போன தடவை அந்த மூணு நாள் மருந்து கேட்டுச்சு" என்று மீதி வைத்ததை எடுத்துக் கொடுக்காதீர்கள். மூன்று சிரப்பில் ஒன்று மான்டெலுகாஸ்ட் கலந்ததாக இருந்தால், எதற்காக எழுதினார் என்று டாக்டரிடமே கேளுங்கள். மூச்சில் விசில் சத்தம் கேட்கும் இளைப்புக்கு அதற்கு ஓர் இடம் உண்டு. சாதாரணச் சளி இருமலுக்கு இல்லை. கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், நடத்தை மாற்றம் ஆகியவற்றுக்காக 2020-ல் அமெரிக்காவில் அதன்மேல் மிகக் கடுமையான எச்சரிக்கை ஏற்றப்பட்டது.

மாமியாரின் வைத்தியத்துக்கு வருவோம். அவர் சொல்வதில் நல்லதும் இருக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மறுத்து வீட்டில் சண்டை வளர்க்க வேண்டாம். ஆனால் கற்பூரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரும். சாமி அலமாரியில் இருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட குழந்தை சில நிமிடங்களிலேயே வலிப்போடு வருவதைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த எவரும் பார்த்திருப்பார். நீலகிரித் தைலம் உள்ளே போனாலும் அதே கதை. கடையில் விற்கும் நெஞ்சுத் தைலங்களிலும் கற்பூரம் உண்டு. இரண்டு வயதுக்குக் கீழே அவை கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். உங்கள் மகள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டாள் என்றாலும் மூக்கருகில் தடவாதீர்கள். வெறும் தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டித் தேய்க்கட்டும், பாட்டிக்கும் திருப்தி, குழந்தைக்கும் சுகம்.

குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். அந்த மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் மூச்சுக்குழலுக்கு எந்தப் புகையும் புகைதான். கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் வலை கட்டுங்கள். ஊதுபத்தி, விறகடுப்பு, மொட்டை மாடியில் சிகரெட் பிடித்துவிட்டு அதே சட்டையோடு வந்து குழந்தையைத் தூக்கும் அப்பாவோ சித்தப்பாவோ, இவையும் இதே கணக்கில் வரும். மூன்று சிரப்பாலும் ஆகாதது புகையை நிறுத்தினதால் ஆன வீடுகள் உண்டு.

எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும், மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவதும் இன்னும் நடக்கின்றன. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால் வரும் நிமோனியா சுலபத்தில் ஆறாது. விரலை விட்டுச் சளி எடுப்பது, தொக்கம் எடுப்பது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது எதுவும் வேண்டாம். கொதிக்கும் பாத்திரத்தின் முன் போர்வையைப் போட்டு ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். அதனால் இருமல் குறைகிறது என்று நிரூபணம் ஆகவில்லை, வெந்த தொடையோடு வரும் குழந்தைகளோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் உண்டு.

தேன் நல்லது. ஒரு வயது நிரம்பிய குழந்தைக்கு, படுக்கும் முன் அரை டீஸ்பூன். ராத்திரி இருமலைக் குறைப்பதில் சிரப்பில் வரும் இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெதார்பனுக்கு அது குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொடுத்தபின் பல்லைத் துடைத்துவிடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது: தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்து சிசுவின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஓமவல்லி இலையை வாட்டிப் பிழிந்த சாறு, துளசி, மிளகும் மஞ்சளும் போட்ட பால் எல்லாம் இரண்டு வயதுக் குழந்தைக்குச் சிறிய அளவில் பாதகமில்லை. இருமலை நிறுத்திவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இடையில் ஒரு செய்தி: ஆடாதொடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தைச் செய்தார்கள், அதிலிருந்து பிறந்ததே ஆம்ப்ராக்ஸால். பாட்டி வைத்தியமும் மருந்துக்கடை பாட்டிலும் அவ்வளவு தூரத்து உறவு அல்ல, இரண்டின் பலனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நான் உண்மையில் நம்புவது உப்புநீர்ச் சொட்டை. மருந்துக்கடையில் 'சலைன் நேசல் டிராப்ஸ்' என்று கேட்டால் கிடைக்கும், சோடியம் குளோரைடு தவிர வேறு மருந்து கலந்திருக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு. குழந்தை கத்தும், தும்மும், அதுவே வேண்டியது. மூக்கு அடைப்பு விலகினால் பாதி ராத்திரி இருமல் குறையும். தண்ணீர், ரசம், கஞ்சி என்று ஏதாவது ஒன்று அடிக்கடி உள்ளே போகட்டும். பால் சளியை உண்டாக்காது. வாழைப்பழம், ஆரஞ்சு, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் இட்லியில் ஒரு மாதம் ஓட்டிய குழந்தைகளுக்கு இருமல் போவதில்லை, எடைதான் போகிறது. வெந்நீரில் தினமும் குளிப்பாட்டலாம்.

நெபுலைசர் ஓர் இயந்திரம், அவ்வளவுதான். அதில் என்ன ஊற்றுகிறோம் என்பதே விஷயம். மூச்சை விடும்போது விசில் போலச் சத்தம் வந்தால், அதாவது இளைப்பு இருந்தால், மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் பலன் தரும். விசில் இருக்கிறதா என்று டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சொல்ல வேண்டும். அது இல்லாத வெறும் சளி இருமலுக்கு அதைக் கொடுத்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், இருமல் இருந்தபடி இருக்கும். இளைப்பு உறுதியானாலும் பல ஆயிரம் கொடுத்து இயந்திரம் வாங்க அவசரப்பட வேண்டாம். இன்ஹேலரோடு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலும் முகமூடியும் சேர்த்துக் கொடுத்தால் சின்னக் குழந்தைக்கும் அதே அளவு வேலை செய்யும், கரண்டும் தேவையில்லை. "இன்ஹேலர் பழகிடும், வாழ்நாள் பூராவும் விட முடியாது" என்ற பயத்தில் சிரப் கேட்பவர்கள் ஏராளம். சால்பியூட்டமால் சிரப் அரை டீஸ்பூனில் 1,000 மைக்ரோகிராம் ரத்தத்துக்குப் போகிறது. இன்ஹேலரின் ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம், அதுவும் போக வேண்டிய இடத்துக்கே போகிறது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே பாருங்கள். சளி பிடிக்கும்போது மட்டும் இளைக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூட வயது வரும்போது அது நின்றுவிடும்.

பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று நம் ஊரில் சொல்வது குழந்தைக்கு முதன்முதலாக வரும் காசநோயை. ஒல்லியாக, அடிக்கடி சளி பிடித்து, சரியாகச் சாப்பிடாத குழந்தை என்றாலே அந்தப் பெயரை ஒட்டி ஆறு மாதம் மாத்திரை கொடுத்த காலம் ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சந்தேகப்பட உண்மையான காரணங்கள் வேறு: இரண்டு வாரத்துக்கு மேல் விடாத இருமலோடு விடாத காய்ச்சல், மூன்று மாதமாக எடை ஏறாமை அல்லது இறங்குதல், கடந்த இரண்டு வருஷத்துக்குள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது காசநோய். வீட்டில் சமைக்க வருபவர், குழந்தையை வைத்துக்கொள்ளும் தாத்தா என்று எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது பொருந்தினால் எக்ஸ்ரே, மான்டூ என்ற தோல் ஊசிச் சோதனை, காலையில் வெறும் வயிற்றில் குழாய் வைத்து எடுக்கும் நீரில் காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் பரிசோதனை எல்லாம் செய்துதான் முடிவு செய்ய வேண்டும். மான்டூ ஊசி தடித்துவிட்டது என்பதை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருக்கிறதே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம், அது மூளைக் காசநோய் போன்ற கடுமையான வகைகளைத்தான் பெரிதும் தடுக்கும்.

காய்ச்சல் இல்லாமல், விளையாடிக்கொண்டு, எடை குறையாமல் இருக்கும் உங்கள் மகள் அந்தப் படத்தில் பொருந்தவில்லை. ஆனால் வேறு இரண்டு விஷயங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். இருமல் திடீரென்று, ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது புரையேறித் தொடங்கியதா? நிலக்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை, சீத்தாப்பழக் கொட்டை மூச்சுக்குழலில் சிக்கினால், அப்போது மூச்சடைத்துவிட்டு, பிறகு ஒன்றுமே இல்லாததுபோல இருந்து, வாரக்கணக்கில் இருமலாக நிற்கும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. புரையேறிய கதையை நீங்கள் சொன்னால்தான் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்க்க நினைப்பார். இன்னொன்று கக்குவான்: மூச்சு விட நேரமில்லாமல் அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் கூவென்று மூச்சை இழுத்து வாந்தி எடுப்பது. ஒன்றரை வயதில் போட வேண்டிய டிபிடி பூஸ்டர் போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம், சிசுக்களுக்குக் கக்குவானில் இருமலே வராமல் மூச்சு நின்றுபோகவும் கூடும்.

நான்கு வாரம் முடிந்தும் சளியோடு கூடிய இருமல் ஒரு நாளும் இடைவிடாமல் இருந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அது. மூச்சுக்குழலில் பாக்டீரியா தங்கிவிட்டிருந்தால் அப்போது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம், அந்த இடத்தில் நானே எழுதுவேன். வாயைத் திறந்து தூங்கிக் குறட்டை விடுகிறாள் என்றால் மூக்கின் பின்பக்கச் சதையான அடினாய்டின் வீக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது ராத்திரி இருமலைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மார்பு தெரியும்படி எடுத்த அரை நிமிட வீடியோ, "ராத்திரியெல்லாம் தூங்கலை டாக்டர்" என்பதைவிட எங்களுக்கு எவ்வளவோ உதவும். ஆன்டிபயாடிக்கின் பெயரையும், கொடுத்த அளவையும், எத்தனை நாள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ப்ளே ஸ்கூலுக்குத் தாராளமாக அனுப்பலாம். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள் என்றால் மிச்சமிருக்கும் இருமலுக்காக வீட்டில் பூட்டி வைப்பதில் அர்த்தமில்லை. மற்றவர்களுக்குப் பரவும் நாள்கள் பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிந்திருக்கும். இந்தச் சளி அடங்கியதும் ஃப்ளூ (இன்ஃப்ளூயன்சா) தடுப்பூசி போட்டுவிடுங்கள். முதல் வருஷம் ஒரு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு வருஷத்துக்கு ஒன்று. அரசுத் திட்டத்தில் அது இல்லை, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் ஊசி 2021-லிருந்து அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போடப்படுகிறது, அட்டையில் மூன்று டோஸும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள்.